நொச்சிக்காட்டு ஓடுதளத்தில் பதினேழு நொடி

என் அண்ணன் நவநீதன் பதினேழு நொடியில் கடந்த தூரத்தை நாங்கள் ஒன்பது வருடம் கூடவே நடந்து கடந்தோம். ஒன்பது வருடமும் அவன் மூன்றாவது கியரைத் தாண்டவில்லை, ஒரு முடி நரைக்கவில்லை, நெற்றியில் துளிர்த்த வியர்வை புருவம் வரைக்கும் இறங்கவில்லை. நாங்கள்தான் நரைத்தோம்.

கோயம்புத்தூருக்குக் கிழக்கே, நொச்சிக்காட்டுப்புதூர் மேய்ச்சல் நிலத்தின் நடுவில், ஒரு மில் முதலாளி தன் குட்டி விமானத்துக்காகப் போட்டு, விமானத்தை விற்ற பிறகு ஆடுகளுக்கு விட்டுவிட்ட தார் ஓடுதளம் ஒன்று கிடக்கிறது. அதை எங்கள் கார் கிளப் வருடத்துக்கு ஒருமுறை, மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், தனக்காக மட்டும் எடுத்துக்கொள்ளும். உறுப்பினர்களும் அவர்கள் வீட்டாரும் தவிர வேறு யாரும் வர முடியாது. இரண்டிரண்டு கார்களாக நின்ற இடத்திலிருந்து கிளம்பி, நேர்க்கோட்டில் கால் மைல், அதாவது நானூற்றிரண்டு மீட்டர், யார் முதலில் கடக்கிறார்கள் என்பதுதான் பந்தயம். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். மீதிப் பொழுது முழுவதும் பிரியாணி சாப்பிட்டபடி அதைப் பற்றிப் பேசுவார்கள்.

அந்த நாளில் ஓடுதளத்துக்குள் ஒரு வார்த்தையைச் சொல்லக் கூடாது என்று கிளப்பில் ஒரு வழக்கம் இருந்தது. அந்த வார்த்தை ‘மெதுவா’. தெரியாமல் சொன்னவர்கள்கூட செருப்பைக் கழற்றிவிட்டு, காயும் தாரில், நானூற்றிரண்டு மீட்டரையும் வெறுங்காலில் ஓட வேண்டும். கிரைண்டர் கம்பெனி வைத்திருக்கும் தலைவர் ஞானசம்பந்தம் சார் ஒருமுறை டீக்காரரிடம், “மெதுவா ஊத்துப்பா, கொதிக்குது” என்று சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார், அவர் மனைவி மேடையிலிருந்து கைதட்டினார். ஆனால் நம் ஊரில் வண்டியை எடுக்கும் யாரையும் எந்த வீட்டு வாசலும் அந்த வார்த்தையைச் சொல்லாமல் அனுப்புவதில்லை. அதனால் பந்தய நாளன்று உறுப்பினர்கள் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், சாவி போடாமல், காரைத் தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் அங்கேதான் கிளப்புவார்கள். அன்று விடியற்காலை நானும் அண்ணனும் அவனுடைய பாக்கு நிறப் பழைய கான்டெஸாவை அப்படித்தான் தள்ளிக்கொண்டு போனோம். உள்ளே அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள்.

கிளப்பில் நான் வரிசை எழுதுகிறவள். தொடக்கக் கோட்டில் பேடும் பேனாவுமாக நின்று எந்த ஜோடிக்குப் பின் எந்த ஜோடி என்று குறித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் (கருவி துப்பும் நேரச் சீட்டை எல்லைக்கு அப்பால் உள்ள மேசையில் வேறொருவர் கொடுப்பார்). அதிகம் பேச வராத எனக்கு அது பொருத்தமான வேலை. அன்று பதினொரு மணிக்குப் பேனாவில் மை தீர்ந்துபோக, வேறு பேனா தேடி அண்ணன் காரின் முன்பெட்டியைத் திறந்தேன். பேனா இல்லை. மஸ்கட்டுக்கு ஒரு விமானச் சீட்டு இருந்தது. செவ்வாய்க்கிழமை. போவதற்கு மட்டும்.

அப்பா இல்லாத வீடு அது. அம்மா, அவன், நான். அவன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவன் முறை வந்தது. பக்கத்துத் தடத்தில் டென்னிஸ், ஒண்டிப்புதூரில் மெக்கானிக் ஷெட் வைத்திருப்பவர், அண்ணனின் பள்ளிக்கூட நண்பர். நான் ஜன்னல் அருகே குனிந்து, “செவ்வாக்கெழமை எங்கண்ணா போற?” என்று கேட்டேன். அவன் முகம் மாறியது. “பாத்துட்டியா? ரேஸ் முடியட்டும் பாப்பா, உக்காந்து பேசலாம்” என்றான். சிவப்பு விளக்கு அணைந்து மஞ்சள் வந்தது. எனக்குத் தெரியும். அந்த இடத்தில் நிற்கும் எல்லோரையும்விட எனக்கு அந்த வழக்கம் நன்றாகத் தெரியும்.

“மெதுவா போண்ணா” என்றேன்.

பச்சை விழுந்தது. அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான்.

டென்னிஸ் பதினான்கரை நொடியில் எல்லையைக் கடந்துவிட்டார். அண்ணனின் கார் தொடக்கக் கோட்டிலேயே நின்றது. என்ஜின் பிடித்துக்கொண்டது என்று நினைத்து எல்லோரும் நடந்து வந்தார்கள். பின்சக்கரங்களிலிருந்து கிளம்பிய புகை இலவம்பஞ்சுப் பொதி போல அசையாமல் நின்றிருந்தது. உறுமல் காதுக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கி, செருப்பு வழியாக உள்ளங்காலில் மட்டும் ஏறியது. டென்னிஸ் முட்டி போட்டு உட்கார்ந்து சக்கரத்தை வெகுநேரம், மணி முள்ளைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு எழுந்து, “ஓடிட்டுத்தானுங்க இருக்கான்” என்றார்.

அவர் இழுவைக் கயிற்றை வீசினார். கொக்கி பம்பரில் பட்டதும் கயிறு அந்தரத்தில் வளைந்தபடி நின்றுவிட்டது. அதன்மேல் வந்து உட்கார்ந்த கரிச்சான் குருவி பத்தொன்பது நாள் கழித்துத்தான் பறந்தது.

அடுத்த ஞாயிறு கிளப்பின் பொதுக்குழு அதே ஓடுதளத்தில் கூடியது. தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விதிப் புத்தகத்தைப் படித்தார். பதினொன்றாவது விதி: தொடங்கிய ஓட்டம் முடியும்வரை வெளியாள் யாரும் காரில் கை வைக்கக் கூடாது. “ஓட்டம் நடந்துட்டு இருக்குது. வண்டியும் நிக்கல, ஆளும் இறங்கல. நாம என்ன பண்ண முடியும், சொல்லுங்க” என்றார். கோப்பையை டென்னிஸிடம் நீட்டினார்கள். அவர் வாங்கவில்லை. “அவன் இன்னும் வரலீங்களே. வராதவன எப்படிங்க தோக்கடிச்சதாச் சொல்றது?” அந்தக் கோப்பை பிரியாணி அண்டாக்களோடு ஸ்டோர் ரூமில் ஒன்பது வருடம் இருந்தது. விசாரிக்க வந்த அதிகாரி விபத்தா, காணாமல் போனதா என்று வெகுநேரம் யோசித்து, கடைசியில் ‘வாகனம் ஓட்டத்தில் உள்ளது’ என்று எழுதிக்கொண்டு, மோர் குடித்துவிட்டுப் போனார். செவ்வாய்க்கிழமை மஸ்கட் விமானம் எங்கள் தலைக்கு மேலாகத்தான் போனது என்று யாரோ சொன்னார்கள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

முதல் மாதம் கார் இரண்டு விரற்கடை நகர்ந்தது. முதல் வருடம் பதினாறு அடி. பிறகு வேகம் பிடித்தது, அதாவது நாளுக்கு நான்கு விரற்கடை, பிறகு அரைச் சாண். எம்.எஸ்ஸி. புள்ளியியலில் அந்த வருடம்தான் கடைசிப் பரீட்சை எழுதியிருந்த நான், வாரா வாரம் சுண்ணாம்பால் கோடு போட்டு, கோடுகளுக்கு நடுவில் உள்ள தூரங்களைக் கணக்குப் பார்த்தேன். ஏறக்குறைய ஆறு மாதம் அவனுக்கு ஒரு நொடி. காலையில் பயிற்சி ஓட்டத்தில் பதினைந்து நொடியில் ஓட்டியிருந்தான். அப்படியானால் எட்டு வருடம் நிறைவதற்குள் வந்துவிடுவான் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா, “எட்டு வருசம் என்ன, கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள போயிரும்” என்றாள். அவளுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது.

வெயில் படாமல் இருக்க உறுப்பினர்கள் காருக்கு மேலே தென்னங்கீற்றுப் பந்தல் போட்டார்கள். கார் நகர்ந்து வெளியே வரவே, பந்தலின் கால்களுக்குச் சக்கரம் வைத்து மாதம் ஒருமுறை தள்ளினார்கள். அந்த நிழலுக்கு மாராத்தாளின் ஆடுகள் வந்தன. மாராத்தாள் அந்த மேய்ச்சல் நிலத்தின் சொந்தக்காரி மாதிரி நடந்துகொள்வாள், சொந்தக்காரி இல்லை. காருக்குப் பக்கத்தில் வைத்தால் அந்த அதிர்வில் பால் கல்லு மாதிரி உறைகிறது என்று அவள்தான் கண்டுபிடித்தாள். சித்திரையிலிருந்து ஊர்ப் பெண்கள் பால் ஊற்றிய தூக்குப்போசிகளை வரிசையாக வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். “ஏம்மிணி, உங்கண்ணன் வீடு போய்ச் சேர்ந்துட்டான்னா எங்களுக்குத் தயிருக்கு என்ன வழி?” என்று மாராத்தாள் கேட்பாள். “நீங்களும் ஒரு கார் வாங்கிக்கோங்க” என்று டென்னிஸ் சொல்லுவார்.

தொட்டால் என்ன ஆகும் என்பதும் சீக்கிரமே தெரிந்துவிட்டது. டென்னிஸ் ஒருநாள் மறதியில் பானெட்டை விரலால் தட்டினார். தட்டி எடுத்தவர் திரும்பி, “என்னடா இது, எல்லாரும் சட்டை மாத்திட்டீங்க?” என்றார். பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. வீட்டில் அவர் மனைவி அழுது முடித்து, கோபப்பட்டு முடித்து, அதையும் விட்டிருந்தாள். அதன் பிறகு, விதி இருந்தும், தங்கள் நாட்களைத் தள்ளிவிட விரும்பியவர்கள் வந்தார்கள். பரீட்சை முடிவுக்குக் காத்திருந்த பிள்ளைகள், மழைக்குக் காத்திருந்த சோளக்காட்டுக்காரர், கோர்ட்டு வாய்தா தேதிக்காகக் காத்திருந்த இரண்டு சகோதரர்கள் (ஒரே கதவை இரண்டு பக்கமும் தொட்டார்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமல்), மகனைப் பறிகொடுத்துவிட்டு அடுத்த பத்தொன்பது நாளை எப்படிக் கழிப்பது என்று தெரியாத ஒரு அப்பா. டிக்கியின் மீது விரல் நுனியை வைப்பார்கள். கொஞ்சம் மெலிந்தது போன்ற முகத்தோடு எடுப்பார்கள். நன்றி சொல்லுவது போல அண்ணன் பக்கம் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள்.

அம்மா மட்டும் தொடவே இல்லை. ஞாயிறு தவறாமல் சிங்காநல்லூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, மடக்கு நாற்காலியை ஜன்னலுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்து, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே பூண்டு உரிப்பாள். “நீங்களும் தொட்டுக்கலாமில்லீங்களா, நாளு போயிருமே” என்று மாராத்தாள் ஒருநாள் சொன்னபோது, “என்ற நாள நான் எதுக்குத் தள்ளோணும்? தள்ளிட்டா அவனப் பாக்கற நாளு கொறஞ்சு போயிருமே” என்றாள்.

நான் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் எனக்குச் சொன்ன பதில் அந்த வாயில் இருந்தது. பங்குனியில் பற்கள் தெரிந்தன. சித்திரையில் வாய் சற்று நீண்டது. திட்டுகிறான் என்று சிலரும், சிரிக்கிறான் என்று சிலரும் சொன்னார்கள். வைகாசியில் உதடுகள் ஒட்டிப் பிரிந்தன. ஆடி மாதத்தில், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பந்தலைப் பிய்த்துக்கொண்டு போன அந்த வாரத்தில், இன்னொரு முறை ஒட்டிப் பிரிந்தன. நான் வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்துக் கண்டுபிடித்தேன். ‘சரி பாப்பா’ என்று சொல்லியிருக்கிறான்.

அந்த வார்த்தையை நான் சொன்னதை யாரிடமும் சொல்லவில்லை. பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கலாம் என்றார்கள், ஓடுதளத்தின் வாஸ்து சரியில்லை என்றார்கள், தொடக்கக் கோட்டுக்கு அடியில் ஏதாவது புதைந்திருக்கும் என்று தோண்டிக்கூடப் பார்த்தார்கள், நான் பக்கத்தில் நின்று குழியின் ஆழத்தைக் குறித்துக்கொண்டேன். கூச்சக்காரி, பாவம், அண்ணனுக்காகக் கல்யாணம்கூட வேண்டாம் என்கிறாள் என்று எனக்கு மரியாதை வந்து சேர்ந்தது. ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. ஐந்தாவது வருடம் அண்ணனுடைய வயது எனக்கு வந்தது. ஆறாவது வருடம் அவனைவிட நான் மூத்தவள் ஆனேன். அந்தப் பிறந்தநாளன்று அவன் ஜன்னலுக்கு முன்னால் நின்று ‘அண்ணா’ என்று கூப்பிட வாய் வராமல், பேடை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நான்காவது வருடக் கடைசியிலேயே ஒரு விஷயம் தெரிந்துவிட்டது. என் சுண்ணாம்புக் கோடுகள் கணக்குக்குப் பின்தங்கின. டென்னிஸ் காரைத் தொடாமல் ஜன்னலோரம் குனிந்து, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார்.

“ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுக்கறான்.”

“எதுக்குங்கண்ணா?”

“எதுக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? முழுசா மிதிக்கல. பாதி மிதிச்சுட்டுப் போறான், பொண்ணு பாக்கப் போறவனாட்டம்.”

நான் புதிதாகக் கணக்குப் போட்டேன். பதினேழு நொடி. ஒன்பது வருடம். அம்மாவிடம் அதைச் சொன்னபோது பூண்டு உரிப்பதை நிறுத்தாமல், “ஒரு வருசந்தானே” என்றாள்.

ஒன்பதாவது வருடத்து ஐப்பசியில், எல்லைக்கு இன்னும் முப்பது மீட்டர் இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்த அம்மா எழுந்திருக்கவில்லை. பெரியப்பா மகன் கொள்ளி வைத்தார். மறுநாள் நான் ஓடுதளத்துக்குப் போனேன். நாற்காலி போன ஞாயிறு போட்ட இடத்திலேயே இருந்தது. அண்ணன் எல்லையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கதவில் கை வைத்தேன். எடுத்தபோது வயல்களில் கதிர் முற்றியிருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்திருந்தது. நான் இல்லாததால் எள்ளும் தண்ணீரும் விடும்போது என் பெயரையும் சேர்த்துச் சொன்னார்கள் என்று டென்னிஸ் சொன்னார்.

அன்றுதான் அவரிடம் சொன்னேன். “அந்த வார்த்தைய நான்தான் சொன்னேன். மஞ்ச வெளக்குல. தெரிஞ்சேதான் சொன்னேன்.”

டென்னிஸ் கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்தார். “எனக்குக் கேட்டுது பாப்பா. என்ற கண்ணாடியும் எறங்கித்தான இருந்துச்சு.”

“அப்புறம் ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

“சொன்னா உன்னைய வெறுங்கால்ல ஓட விடுவாங்க. அழுதுட்டு நின்ன புள்ளைய எங்க ஓட விடறது? அப்பறம் நாளாயிருச்சு.” ஸ்பேனரைப் பெட்டியில் போட்டார். “அன்னிக்குக் காலைல எங்க வீட்டுக்காரியும் என்னையப் பாத்துச் சொன்னா. தள்ளிட்டுப் போறப்ப முழிச்சுக்கிட்டா. நானும் பயந்துட்டேதான் ஓட்டுனேன். ஒண்ணும் ஆகல.”

“உங்க வண்டி மட்டும் ஏன் நிக்கல?”

“அவ வழக்கத்துக்குச் சொன்னா. நீ வேணும்னு சொல்லியிருப்ப. அவனும் உன்ற பேச்சக் கேட்டிருப்பான்.”

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நான்தான் இன்றுவரை அதை அப்படி வைத்திருக்கிறேன். அவன் என் பேச்சைக் கேட்டுக் காலை எடுக்காமல், காலையில் ஓட்டியது போல ஓட்டியிருந்தால், அந்த ஐப்பசிக்கு முந்தைய மாசியிலேயே வந்திருப்பான். அம்மா நாற்காலியிலிருந்து எழுந்திருப்பாள். பூண்டுத் தோல் மடியிலிருந்து உதிர்ந்திருக்கும்.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை வந்தது. கார் நாளுக்கு ஒரு சாணுக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது, எல்லைக்கு இரண்டு விரற்கடை மீதி. பந்தலை எடுத்துவிட்டார்கள். மாராத்தாள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்த் தள்ளி நிறுத்தினாள். தலைவர் ஞானசம்பந்தம் சார் இப்போது கைத்தடியோடு வந்தார், அவர் மனைவி கோப்பையை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லையைத் தாண்டிய இடத்தில், காரோட்டிகள் திரும்பி வந்து சீட்டு வாங்கும் மேசையில், நான் அதே பேடோடு உட்கார்ந்திருந்தேன். ஒன்பது வருடமாக என்ன சொல்வது என்று யோசித்து, எழுதி, அடித்து, மனப்பாடம் செய்த பேச்சு ஒன்று என்னிடம் இருந்தது.

பத்தே காலுக்கு முன்சக்கரம் எல்லையைத் தொட்டது.

ஒன்பது வருடமாக உள்ளங்காலில் கிடந்த உறுமல் ஒரே எட்டில் காதுக்கு ஏறியது. தயிர்ப் போசிகள் உருண்டன. இலவம்பஞ்சுப் புகை காற்றில் கரைந்தது. கயிறு தரையில் விழுந்து துள்ளியது. கான்டெஸா எங்களைத் தாண்டி, பொட்டல் வரைக்கும் பாய்ந்து போய், பிரேக் போட்டு, வட்டமடித்துத் திரும்பி வந்தது, எல்லாக் கார்களையும் போல, சாதாரணமாக. கருவி ஒரு சீட்டைத் துப்பியது. 17.04 என்று இருந்தது. அந்தக் கருவிக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை.

அவன் இறங்கி, முகத்தை மறைக்காத அந்தப் பழைய ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே நடந்து வந்தான். வியர்வை இப்போதுதான் புருவத்தைத் தொட்டிருந்தது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மேசைக்கு முன்னால் நின்று, என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தான்.

“சீட்டு குடுங்கக்கா.”

கொடுத்தேன். மனப்பாடம் செய்ததில் ஒரு எழுத்துகூட நினைவுக்கு வரவில்லை.

“பதினேழா! டென்னிஸ் கொன்னே போட்டிருவான். ரொம்ப மெதுவா...” என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டான். சுற்றும் பார்த்தான். யார் யாரோ நிற்பது அவனுக்குப் புரியவில்லை. குரலைத் தாழ்த்தி, “ஸ்டார்ட்டிங்ல பேட் வச்சுட்டு ஒரு புள்ள நிக்கும், பாத்தீங்களாங்கக்கா? என்ற தங்கச்சி. அது மூஞ்சி சரியில்ல. அதுக்காகத்தான் பாதியிலயே கால எடுத்துட்டேன். ‘நீ சொன்ன மாதிரியே வந்தேன் பாப்பா, போகலாமா வேண்டாமான்னு நீயும் அம்மாவும் சொல்லுங்க’ன்னு சொல்லோணும். மஸ்கட் சீட்டக்கூட வேணும்னா கிழிச்சுப் போட்டர்றேன்” என்றான்.

பிறகு, யாரும் கேட்காவிட்டாலும் வழக்கம் வழக்கம்தான் என்பது போல, ஒரு காலில் நின்று ஷூவைக் கழற்றினான். வார்த்தையைச் சொன்னவன் ஓட வேண்டுமே. நான் மேசையைச் சுற்றி வந்து என் செருப்பைக் கழற்றி அவன் ஷூவுக்குப் பக்கத்தில் வைத்தேன். தார் சுட்டது.

“நீங்க எதுக்குங்கக்கா?”

“நானும் ஒருக்கா அந்த வார்த்தையச் சொல்லிட்டேன். இன்னும் ஓடாம இருக்கறேன்.”

அவன் என் குரலைக் கேட்டு நின்றான். கையில் இருந்த பேடைப் பார்த்தான், அதில் அவன் பெயரை நான் எழுதியிருந்ததைப் பார்த்தான், பிறகு என் முகத்தை, காதோரத்து நரையை, எதையோ தேடுகிறவன் போலப் பார்த்தான். டென்னிஸ் தூரத்தில் தலையைக் குனிந்துகொண்டார்.

“பாப்பா?” என்றான்.

நான் அவன் கையைப் பிடித்தேன். பத்தொன்பது நாள் எதுவும் போகவில்லை. அதே வெயில், அதே ஞாயிறு. அவனைத் தொடக்கக் கோட்டுப் பக்கம் திருப்பி நடக்க ஆரம்பித்தேன். எதிரே, முப்பது மீட்டரில், ஐப்பசியிலிருந்து யாரும் எடுக்காத அம்மாவின் மடக்கு நாற்காலி இருந்தது. அதைக் கடப்பதற்குள் நான் சொல்லியாக வேண்டும்.